எட்டாம் கிளாஸை சோலைக்குக் கூட்டிட்டுப் போறது

கலிபோர்னியால இருக்கற என் அத்தை பொண்ணு போன மாசம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. அவ பையன் ஸ்கூல்ல சாண்டா குரூஸ் பக்கத்துல ஹென்றி கோவல்னு ஒரு பார்க்குக்கு கூட்டிட்டுப் போயிருக்காங்க, அங்க ஒரு ரெட்வுட் மரத்தோட அடிப்பொந்துக்குள்ள ஏழெட்டு பசங்க புகுந்து நின்னுட்டு வெளிய எட்டிப் பாக்கறாங்க. மறுநாள் சயின்ஸ் பீரியட்ல எங்க எட்டாம் கிளாஸுக்கு அதைக் காட்டுனேன். ரெட்வுட்னா செம்மரம்னு வெச்சுக்கோங்கன்னு வாய் தவறி சொல்லிட்டேன், உடனே கடைசி பெஞ்ச்ல இருந்து "லாரில கடத்துவாங்களே, அந்த மரமா மிஸ்?" அது ஆந்திரா செம்மரம்டா, இது வேற, நம்ம ஊர்ல நட்டு வெச்சிருக்காங்கல்ல சைப்ரஸ், அதுக்கு சொந்தக்கார மரம்னு சொல்லி சமாளிச்சேன். உசரம் சொன்னாதான் நம்பவே இல்ல. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, ஹைப்பீரியன்னு பேரு வெச்சிருக்கற ரெட்வுட் ஒண்ணு 380 அடி, போர்டுல பக்கத்துல பக்கத்துல கோடு போட்டுக் காட்டினப்புறம்தான் வாயப் பொளந்தாங்க.

அப்ப ஒரு பொண்ணு கேட்டா, "நம்ம ஊர்ல காடு இல்லையா மிஸ்?"

எங்க ஸ்கூல் கோத்தகிரி பக்கம். அவ வீட்டுல இருந்து லாங்வுட் சோலைங்கற காடு நடக்கற தூரம். 116 ஹெக்டேர், 2024-ல ராம்சார்னு உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களுக்கு ஒரு லிஸ்ட் இருக்கே, அதுல சேத்திருக்காங்க, கீழ இருக்கற ஊருங்களுக்கு தண்ணியே அங்க இருந்துதான் இறங்குது. ஆனா அவளுக்கு காடுன்னா தேயிலைக்கு நடுவுல நிக்கற சில்வர் ஓக்கும் ரோட்டோரக் கற்பூர மரமும்தான், அதாவது யூகலிப்டஸ். ரெண்டுமே வெளிநாட்டுல இருந்து வந்து நட்டது. அவள குத்தம் சொல்லி என்ன பண்றது, நாமதான கூட்டிட்டுப் போகல. கீழ்நாட்டுப் பசங்க டூர்னு மேல வர்றாங்க, எங்க பசங்கள நாங்க டூர்னு கோயமுத்தூர் மாலுக்கு இறக்கிட்டு இருக்கோம்!

மேலயே கூட்டிட்டுப் போனதும் உண்டு. ரெண்டு வருஷம் முன்னாடி ஊட்டிக்கு, மூணு கிளாஸ் சேத்து ரெண்டு பஸ், 110 பேர். சேரிங் கிராஸ்ல டிராபிக்ல மாட்டி அங்கயே முக்கால் மணி நேரம் போச்சு, அப்புறம் தலை எண்றதும் ஐஸ்கிரீம் வாங்கித் தர்றதும்தான் வேலை, பொட்டானிக்கல் கார்டன்ல 2 கோடி வருஷப் பழசு, கல்லாவே மாறிப்போன மரம் ஒண்ணு இருக்கு, அதுகிட்டயே யாரும் போகல. திரும்பி வந்து என்ன பாத்தீங்கன்னு எழுதச் சொன்னா பாதிப் பேரு மொளகா பஜ்ஜின்னு எழுதியிருந்தாங்க, அதுல பொய் ஒண்ணும் இல்ல.

அதனால இந்த தடவை நான் பிடிவாதமா சொல்லிட்டேன், ஒரே கிளாஸ், 38 பேர், லாங்வுட் மட்டும். ஹெச்.எம். "அவ்வளவு கம்மியா போனா மத்த பேரன்ட்ஸ் கேப்பாங்களே"ன்னாரு. நான் அந்த ஹைப்பீரியன் கதையைத்தான் சொன்னேன். 2006-ல கண்டுபிடிச்சாங்க, இடம் ரகசியம்னு வெச்சும் இன்டர்நெட்ல கசிஞ்சு ஆளுங்க போய்ப் போய் சுத்தி இருந்த பெரணி எல்லாம் மிதிபட்டுப் போச்சு, 2022-ல கிட்ட போனா 5000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு மூடிட்டாங்க. அம்மாம் பெரிய மரத்துக்கு வேரு ஆழமா போறதில்ல சார், மேலாகவே பரவி பக்கத்து மரத்து வேரோட பின்னிக்கிட்டு நிக்குது, மண்ணை மிதிச்சு இறுக்கினா அதுக்குதான் கேடுன்னேன். சோலைக்குள்ளயும் நாத்து நிழல்லதான் மெதுவா வளரும், 110 ஜோடி செருப்பு போனா என்ன ஆகும்னு கேட்டேன். சரின்னுட்டாரு.

டிசம்பர் முதல் வாரம் நானும் பி.டி. சாரும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தோம், கூட வனத்துறை வாட்சர் அண்ணா. அன்னிக்கு மழை இல்ல, ஆனா மூடுபனி, பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியல. வெளிய புல்லு மேல நின்னா சட்டை லேசா ஈரம், அவ்வளவுதான். உள்ள நுழைஞ்சா சொட்டு சொட்டுன்னு சத்தம், நான் மழை பிடிச்சிருச்சுன்னு குடையை விரிச்சேன், வாட்சர் அண்ணா சிரிச்சாரு. "மழை இல்ல டீச்சர், மரம் சொட்டுது." பக்கத்துல ஒரு மரத்துல பாசி கம்பளி மாதிரி மூடியிருந்துச்சு, அதை பிய்க்காம ஒத்த விரலால அழுத்திக் காமிச்சாரு, விரலச் சுத்தி தண்ணி ஊறி மணிக்கட்டு வரைக்கும் வழிஞ்சுது. கலிபோர்னியாலயும் இதே கதைதான், வெயில் காலத்துல அங்க மழை கிடையாது, கடல்ல இருந்து வர்ற பனியை ரெட்வுட் இலை பிடிச்சு கீழ சொட்டவிட்டு அதைத்தான் வேரு குடிக்குது.

அங்கயே பிளான் முடிவாயிடுச்சு. பசங்க ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வரணும், ஒரே மாதிரி டம்ளர் ரெண்டு எடுத்து ஒண்ணு மரத்தடில ஒண்ணு வெட்டவெளில வெச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எதுல எவ்வளவு தண்ணின்னு பாக்கறது. பனி இல்லாத நாளா அமைஞ்சா என்ன பண்றதுன்னு பி.டி. சார் கேட்டாரு, ரெண்டு டம்ளரும் காலியா இருக்கும், அதையும் எழுதட்டும்னேன்.

மத்ததெல்லாம் சில்லறை வேலை. வனத்துறைக்கு லெட்டர் கொடுத்தாச்சு, பேரன்ட்ஸ் கையெழுத்து வாங்கியாச்சு, சாப்பாடு எலுமிச்சை சாதம் டிபன் பாக்ஸ்ல, பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு பாத்ரூம்தான் பெரிய தலைவலியா இருந்துச்சு, காட்டுக்குள்ள எங்க போறது, இதை யாருமே முன்னாடி யோசிக்கறதில்ல, கடைசில பக்கத்து ஸ்கூல் டீச்சர்கிட்ட பேசி அங்க நிறுத்திட்டுப் போறதா ஏற்பாடு. காட்டெருமை நின்னா கத்தக் கூடாது, வாட்சர் அண்ணா சொன்னபடி அப்படியே பின்னாடி நகந்து வரணும், இதுக்கு கிரவுண்டுல ஒத்திகையே பாத்தோம். பி.டி. சார்தான் காட்டெருமை.

ஜனவரி கடைசில போறோம். எங்க பக்கம் வடகிழக்கு மழைதான் ஜாஸ்தி, அது ஓய்ஞ்சாதான் ரத்தம் குடிக்கற அட்டைப்பூச்சி குறையும். குறையும்னு சொன்னேன், இருக்காதுன்னு சொல்லல. அதைக் கேட்டதுல இருந்து ஒருத்தன் தினம் ஸ்டாப் ரூம் வாசல்ல வந்து நிக்கறான். "மிஸ், அட்டைக்குப் போட உப்பு கொண்டு வந்தா நமத்துப் போயிடும், எங்க பாட்டி மூக்குப்பொடி டப்பா எடுத்துட்டு வரவா?" பாட்டிக்குத் தெரியுமாடான்னு கேட்டா பதில் இல்ல.