மெண்டோசாவைத் தண்ணீரிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

முதுகலைப் புவியியலில் தென் அமெரிக்க வட்டாரப் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்தேன். கடற்கரை இல்லாத மாகாணம் ஒன்றைத் தேர்ந்து, அதன் நிலத்தையும் உள்ளாட்சியையும் தொடர்புபடுத்தி எழுதச் சொல்லும் நெடுவினா அதில் உண்டு. நான் அர்ஜென்டினாவின் மெண்டோசாவை எடுத்தேன். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் பாதிக்கும் குறைவான மதிப்பெண்தான் கிடைத்தது. எழுதிய தகவல்களில் பிழை இல்லை. முதல் நான்கு பக்கங்களில் மலை, மழை, பயிர். அடுத்த மூன்று பக்கங்களில் ஆளுநர், சட்டமன்றம், நகராட்சி. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. இதே பாடத்தைப் படிப்பவர்களுக்கு, இரண்டாம் முறை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவில் மாகாணம் என்பது நாட்டின் முதல்நிலைப் பிரிவு, மொத்தம் 23. அதற்கு உட்பட்டவை டிபார்ட்மென்டுகள். பொலிவியாவில் இந்த வரிசை தலைகீழ்: டிபார்ட்மென்ட்தான் மேலே, மாகாணம் அதற்குள். அர்ஜென்டினாவுக்குள்ளும் ஒரே விதி கிடையாது. கோர்தோபா மாகாணத்தில் டிபார்ட்மென்டுக்கென்று தனி ஆட்சி இல்லை. அதற்குள் பல நகராட்சிகள் இருக்கும். மெண்டோசாவிலோ 18 டிபார்ட்மென்டுகள், 18 நகராட்சிகள், எல்லையும் ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் இன்டென்டென்டே என்ற நகரத் தலைவரும் ஒரு மன்றமும் உண்டு. இந்த வேறுபாட்டைப் படமாக வரைந்து பழகுங்கள். தேர்வில் இது நிச்சயம் கைகொடுக்கும்.

அடுத்து நிலம். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். மேற்கே ஆண்டிஸ் மலைத்தொடர். அமெரிக்கக் கண்டங்களிலேயே உயரமான 6,961 மீட்டர் அகோன்காகுவா சிகரம் இம்மாகாணத்தில்தான் இருக்கிறது. பசிபிக் கடலின் ஈரத்தை மலையும் சிலி நாட்டுச் சரிவுகளும் வாங்கிக்கொள்கின்றன. மலையைத் தாண்டி இறங்கும் சோண்டா காற்று வறண்டு, சூடாகி வருகிறது. சமவெளியில் ஆண்டு மழை ஏறக்குறைய 200 மில்லிமீட்டர். அதை நம்பித் திராட்சை வளர்க்க முடியாது. ஆனால் கொடிக்கு நீர் தேவைப்படும் கோடையில்தான் மலைப்பனி உருகி மெண்டோசா, துனுயான், தியமாந்தே, அத்துவேல் ஆறுகளில் இறங்குகிறது. அந்த நீர் எட்டும் இடமே பசுஞ்சோலை. மாகாணப் பரப்பில் அது சுமார் 4 விழுக்காடுதான். மக்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்வது அதற்குள்ளேதான்.

இந்த வரியை எழுதியபோதுதான் உள்ளாட்சி எனக்குப் புரியத் தொடங்கியது. இவ்வளவு சிறிய ஈர நிலத்தில் யாருக்கு எத்தனை நீர், எப்போது என்பதை முடிவு செய்பவரே உண்மையான அதிகாரி. 1884ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் நீருரிமையை நிலத்தோடு கட்டிப்போட்டது; நிலத்தை விட்டு நீரை மட்டும் விற்க முடியாது. 1916ஆம் ஆண்டின் மாகாண அரசியலமைப்பு பாசனத்துக்கென்றே தனி அமைப்பை நிறுத்தியிருக்கிறது: பொதுப் பாசனத் துறை. அதன் தலைவரை ஆளுநர், மாகாணச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதலோடு நியமிக்கிறார். பதவிக்காலம் 5 ஆண்டு. ஆளுநருக்கோ 4 ஆண்டுதான், அடுத்தடுத்து இருமுறை இருக்கவும் முடியாது. நீர் நிர்வாகம் ஒரே ஆட்சியின் கைக்குள் அடங்கிவிடாமல் இருக்க இது உதவுகிறது என்பது என் வாசிப்பு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கும் கீழே இருக்கிறது. வாய்க்கால்களைப் பயன்படுத்துவோர் தங்கள் பொறுப்பாளரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தங்கள் வரவுசெலவைத் தாங்களே நடத்துகிறார்கள். அந்த உரிமையை எந்தச் சட்டமும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. முறை வைத்து மடை திறப்பவரை அங்கே தோமேரோ என்கிறார்கள். நம் ஊரில் அதே வேலையைச் செய்யும் நீர்க்கட்டியை நினைத்துக்கொண்டேன். அதன்பின் அந்தப் பெயர் மறக்கவே இல்லை.

ஆகவே உங்கள் விடைத்தாளில் இரண்டு வரைபடங்கள் வேண்டும். ஒன்றில் நகராட்சி எல்லைகள், மற்றொன்றில் ஆறும் வாய்க்காலும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கேள்விக்கான விடை தானே வந்துவிடும். மெண்டோசா பெருநகரப் பகுதி, பார்வைக்கு ஒரே ஊர். மாகாணத் தலைநகர், கொதோய் குரூஸ், லாஸ் ஏராஸ் என்று பல இன்டென்டென்டேக்கள் அதை ஆள்கிறார்கள். வாய்க்கால் மட்டும் அந்த எல்லைகளைக் கடந்து ஓடுகிறது. 1861ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய நகரம் அழிந்தபின், அகன்ற தெருக்களும் ஐந்து சதுக்கங்களுமாகப் புதிய நகரம் அமைந்தது. தெருவோர வாய்க்கால்களே இன்றும் அங்குள்ள மரங்களுக்கு நீர் ஊட்டுகின்றன.

நீரின் கடைமடையையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடும் பகுதி இது. வடகிழக்கே லாவாயே டிபார்ட்மென்டில் குவானகாச்சே ஏரிகள் மேல்பகுதிப் பாசனத்தால் வற்றின. ஏரியை நம்பி வாழ்ந்த ஊவார்ப்பே பழங்குடியினருக்கு வறண்ட நிலம் மிஞ்சியது. திராட்சைத் தோட்டங்களைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டு இவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்காத விடையை முழுமையானது என்று என்னால் ஏற்க முடியவில்லை. தெற்கே அத்துவேல் ஆற்று நீருக்காக லா பாம்பா மாகாணம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதையும் இதே இடத்தில் சேர்க்கலாம்.

நிகழ்கால எடுத்துக்காட்டு கேட்டால் 7722ஆம் எண் சட்டம் இருக்கிறது. நீரைக் காக்க, சுரங்கத் தொழிலில் சயனைடு, பாதரசம், கந்தக அமிலம் ஆகியவற்றை 2007இல் தடை செய்த சட்டம் அது. 2019 டிசம்பரில் சட்டமன்றம் அதைத் தளர்த்தியது. ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களுக்குள் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. ஆண்டுத் தேர்வில் இதைத்தான் முதல் பத்தியாக வைத்தேன். அங்கிருந்து பின்னோக்கி 1916க்கும், 1884க்கும், மலைப்பனிக்கும் போனேன். அந்த நெடுவினாவுக்கு இருபதுக்குப் பதினேழு கிடைத்தது.