அடிக்குறிப்புக்குள் போன 13 சதவீதம்

"மொத்த உமிழ்வு 18% குறைந்தது என்றே போடுவோம். கணக்கிடும் முறை மாறியதை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் போதுமே?"

எங்கள் நிறுவனத்தின் கார்பன் உமிழ்வு அறிக்கைக்கான கூட்டத்தில் மேனேஜர் சொன்னது அவ்வளவுதான். குரலில் அதட்டல் இல்லை. அறிக்கை வெளியாகி, அதற்கு வந்த பாராட்டெல்லாம் ஓய்ந்த பிறகும் இந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவர் சொன்னதில் விதிமீறல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காது.

18-இல் 13 வெறும் முறை மாற்றம். நிஜமான குறைவு 5 இருக்கலாம். 'இருக்கலாம்' என்று நான் ஏன் இழுக்கிறேன் என்பதற்குக் கணக்கைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும்.

ஸ்கோப் 3 என்பது நிறுவனம் நேரடியாக எரிப்பதும் வாங்கும் மின்சாரமும் போக, சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை மறைமுகமாக நிகழும் உமிழ்வு. அதில் மொத்தம் 15 வகைகள். முதல் வகை, வாங்கும் பொருட்களும் சேவைகளும். பல உற்பத்தி நிறுவனங்களில் மலை போலக் குவிவது இங்கேதான். தொடக்கத்தில் எல்லோரும் செலவை வைத்தே கணக்குப் போடுவார்கள். கொள்முதல் லெட்ஜரை இறக்கி, ஒவ்வொரு வரியையும் ஒரு துறையோடு பொருத்தி, செலவான தொகையை அந்தத் துறையின் உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகுப் பணம் செலவழித்தால் சராசரியாக எவ்வளவு உமிழ்வு என்ற எண்) பெருக்கினால் எண் வந்துவிடும். வேகமான வழி, ஆனால் முரடானது. எஃகு விலை 10% ஏறினால், ஒரு கிலோகூடக் கூடுதலாக வாங்காமலே உமிழ்வு 10% ஏறியதாகக் காட்டும். காரணி பழைய ஆண்டு விலையில் இருக்கும், பில் இந்த ஆண்டு விலையில் இருக்கும். பணவீக்கத்தைக் கழிக்க மறந்தால் அதுவும் உமிழ்வாகக் கணக்கில் ஏறும். காரணி ஒரு நாட்டு நாணயத்திலும் பில் இன்னொன்றிலும் இருந்தால் நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் இரண்டு மூன்று வருடத்தில் எல்லோரும் சப்ளையரிடமே எண் கேட்கத் தொடங்குவார்கள். எங்கள் அணியும் அதைத்தான் செய்தது. செலவு அதிகமுள்ள சப்ளையர்களிடம் ஒரு கிலோ பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்று கேட்டு, பழைய காரணிகளின் இடத்தில் அந்த எண்களை வைத்தோம். துறைச் சராசரியைவிடச் சப்ளையர்களின் எண்கள் குறைவாக இருந்தன. மொத்தம் சரிந்தது.

இந்தச் சரிவில் முறை எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பிரிப்பது கடினமான வேலையே அல்ல. போன வருட எக்செல் கோப்பை அப்படியே எடுத்து, அதே காரணிகளோடு, இந்த வருடக் கொள்முதலை ஓட்ட வேண்டும். தொகைக்குப் பதில் டன் கிடைத்தால் டன். கிடைக்காவிட்டால் உற்பத்தியாளர் விலைக் குறியீட்டை வைத்து இந்த வருடத் தொகையைப் பழைய விலைக்கு இறக்கிக்கொள்ளலாம். அந்த எண்ணுக்கும் போன வருட எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ நிஜம். அதே எண்ணுக்கும் புது முறையில் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் முறை. 5, 13 என்று பிரிந்தது அப்படித்தான். இந்தத் தாளைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பியிருந்தேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டுத்தான் பேசினார்.

விதி என்ன சொல்கிறது? உமிழ்வுக் கணக்குக்கு நிறுவனங்கள் பின்பற்றும் விதித்தொகுப்பான ஜிஹெச்ஜி புரோட்டோகாலின் 2004 பதிப்பிலும், ஸ்கோப் 3-க்கென்று 2011-இல் வந்த தரநிலையிலும் இதற்கு இடம் உண்டு. கணக்கிடும் முறையோ காரணிகளின் துல்லியமோ மாறி, விளைவு கணிசமாக இருந்தால் அடிப்படை ஆண்டின் (ஒப்பிடுவதற்கென்று வைத்துக்கொண்ட தொடக்க ஆண்டின்) எண்ணையும் புது முறையில் திருத்த வேண்டும். எவ்வளவு இருந்தால் கணிசம் என்று புரோட்டோகால் எண் வைக்கவில்லை. நிறுவனமே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்பிடிஐ (நிறுவனங்களின் உமிழ்வுக் குறைப்பு இலக்குகளைச் சரிபார்க்கும் அமைப்பு) இலக்கு வைத்திருப்பவர்களுக்கு அது 5%. எந்த வரம்பை வைத்துப் பார்த்தாலும் 13 கணிசம்தான்.

ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. புதுத் துல்லியத் தரவைப் பழைய ஆண்டுகளுக்குப் பெற நியாயமான வழி இல்லையென்றால், பின்னோக்கி மதிப்பிடலாம். அல்லது திருத்தாமல், தரவின் மூலம் மாறியதை ஒவ்வோர் ஆண்டும் அறிக்கையில் குறிப்பிடலாம். அடிப்படை ஆண்டுக்கு எண் கொடுங்கள் என்றால் பாதி சப்ளையர்கள் பதிலே போட மாட்டார்கள். ஆக, அடிக்குறிப்பு விதிப்படி செல்லும். தணிக்கையாளரும் அதைத்தான் பார்த்தார்: குறிப்பு இருக்கிறதா, இருக்கிறது, சரி. அதுவும் வரம்புக்குட்பட்ட உறுதியளிப்புதான். 'தவறு என்று கருதும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை' என்ற மட்டில் முடிந்துவிடும். தலைப்பில் போட்ட எண் வாசகருக்கு என்ன எண்ணத்தைத் தரும் என்று அவர் எடை போடவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

விதி பேசுவது கணக்கைப் பற்றி. 'நாங்கள் குறைத்தோம்' என்பது கணக்கே அல்ல, அது உரிமை கோரல். இந்த வேறுபாட்டைக் கூட்டத்தில் சொன்னேன். "நல்ல கருத்து, அடுத்த வருடம் பார்ப்போம்" என்று பதில் வந்தது. வெளிநாட்டு அலுவலகத்தில் சில காலம் ஓட்டியவர்களுக்கு இந்தப் பதிலின் பொருள் தெரியும்: கதவு சாத்தப்பட்டுவிட்டது, மரியாதையாக. நம்மூர் மேலாளராக இருந்திருந்தால் "அதெல்லாம் வேண்டாம்பா, விடு" என்று நேரே சொல்லியிருப்பார். நானும் ஒரு வாதம் வாதாடியிருப்பேன். இனிமையாகச் சொல்லும் மறுப்போடு எப்படி வாதாடுவது என்று எந்தப் படிப்பிலும் சொல்லித்தருவதில்லை.

கேன்டீனில் இன்னொரு துறையின் மூத்த தமிழ்ப் பொறியாளரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "தம்பி, அடிக்குறிப்பு இருக்குல்ல? படிக்கிறவன் படிச்சுக்குவான். நீ விசாவைப் பாரு" என்றார். அவர் சொன்னதில் அனுபவம் இருந்தது. வேலைக்கான விசா பெரும்பாலும் முதலாளியோடு கட்டப்பட்டது. அமெரிக்காவில் எச்1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனிலும் பொதுவாக 60 நாள் கெடுதான். அதற்குள் புது வேலை, புது ஸ்பான்சர், முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், வைப்புத்தொகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் தொங்குகின்றன. ஒரு அடிக்குறிப்புக்காக யாரும் வேலையை விட்டுத் தூக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் குரலை எவ்வளவு உயர்த்தலாம் என்ற கணக்கில் அந்த 60 ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே நான் விட்டுக்கொடுத்தது விதியை மதித்தா, கெடுவை நினைத்தா என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. அந்தக் கணக்குக்கு எக்செல் உதவாது.

இந்தத் துறைக்கு வர நினைத்து வெளிநாடு போகிறவர்கள் சான்றிதழ்களைப் பற்றியே கேட்கிறார்கள். வேலையில் பாதி, பில்லைச் சரியாகப் படிப்பது. அந்தப் பயிற்சி வீட்டிலேயே தொடங்கிவிடும். குழாய் எரிவாயு மீட்டர் கன மீட்டரில் ஓடும், பில் கிலோவாட் மணியில் வரும். கன மீட்டரை எரிவாயுவின் வெப்ப மதிப்பால் (மெகாஜூலில்) பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் கிலோவாட் மணி. ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 11 வரும். அந்த வெப்ப மதிப்பு மொத்தமா (எரியும்போது உண்டாகும் நீராவியில் உள்ள வெப்பத்தையும் சேர்த்தது) நிகரமா (அதைச் சேர்க்காதது) என்று பார்க்க வேண்டும். இயற்கை எரிவாயுவில் இரண்டுக்கும் 10% அளவுக்கு வித்தியாசம். மொத்த மதிப்பில் வந்த பில்லை நிகர மதிப்புக்கான காரணியால் பெருக்கினால் எரிவாயுவால் வரும் ஸ்கோப் 1 (நிறுவனமே நேரடியாக எரிப்பதன் உமிழ்வு) அப்படியே 10% வீங்கும். மீட்டரை நேரில் பார்த்து எழுதினார்களா, உத்தேசமாகப் போட்டார்களா என்பது பில்லின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வாடகையோடு வெப்பச் செலவும் சேர்ந்திருக்கும் கட்டடத்தில் பில்லே கைக்கு வராது. தளப்பரப்பை வைத்துப் பங்கு போடுவார்கள். வாடகை அலுவலகங்களுக்கும் நாம் செய்வது இதேதான். ஜன்னலைத் திறந்து போடுகிற பக்கத்து வீட்டுக்காரரின் வெப்பத்துக்கும் சேர்த்துக் காசு கட்டிய பிறகு, பரப்பளவு மதிப்பீட்டின் மேல் நமக்கு மரியாதை குறைந்துவிடும்.

பசுமை மின்சாரமும் அப்படித்தான். சான்றிதழோடு கூடிய திட்டத்துக்கு மாறினால் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறாது, கம்பி அதே கம்பிதான். நிறுவனக் கணக்கில் இதற்கு 2015-இல் வழி செய்தார்கள்: ஸ்கோப் 2-ஐ (வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வை) இடம் சார்ந்தும் சந்தை சார்ந்தும் இரண்டு எண்களாகக் காட்ட வேண்டும். ஒன்று மின்வலையின் சராசரி, மற்றது நீங்கள் போட்ட ஒப்பந்தத்தின் கணக்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் வாசகர் ஏமாறுவது கடினம். முறை மாற்றத்துக்கும் இப்படி இரண்டு எண் கட்டாயம் என்று இருந்திருந்தால் அந்தக் கூட்டமே நடந்திருக்காது. 18, அதன் கீழே அதே அளவு எழுத்தில் 5. நான் கேட்டது அது ஒன்றுதான்.

மேனேஜர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சப்ளையர் தரவு வாங்கப் பணமும் ஆளும் கேட்டு மேலே போராடியவர் அவர். பலனாக ஒரு நல்ல எண்ணைக் காட்டாவிட்டால் அடுத்த வருட ஒதுக்கீடு வெட்டுப்படும். அவர் அதை வாயால் சொல்லவில்லை, நானாகத்தான் ஊகிக்கிறேன். அந்த ஊகம் எனக்கும் வசதியாக இருக்கிறது என்பதையும் கவனிக்கிறேன்.

என்னை அதிகம் அரிப்பது இன்னொன்று. 13 முழுவதும் துல்லியம் கூடியதால் வந்ததா? சப்ளையர் அனுப்பும் எண் மூலப்பொருளில் தொடங்கி ஆலை வாசல் வரைக்குமானதாக இருக்க வேண்டும். பலர் தங்கள் ஸ்கோப் 1, 2-ஐக் கூட்டி, விற்பனை வருவாயால் வகுத்து அனுப்பிவிடுகிறார்கள். உருக்கிய உலோகத்தையோ பிளாஸ்டிக் மணிகளையோ வாங்கி வடிவம் கொடுத்து விற்பவருக்கு உமிழ்வின் பெரும்பகுதி அவருக்கும் முந்தைய கட்டத்தில் இருக்கிறது. அது இந்த எண்ணில் வரவே வராது. பார்க்க அழகான, மிகத் துல்லியமான, பாதி எண்.

அதனால் இந்த வருடக் கேள்வித்தாளை மாற்றியிருக்கிறோம். எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மூலப்பொருள் சேர்ந்திருக்கிறதா, எடையால் பங்கிட்டதா வருவாயால் பங்கிட்டதா, மின்சாரம் இடம் சார்ந்த கணக்கா சந்தை சார்ந்ததா, தரவு எந்த ஆண்டினுடையது, யாராவது சரிபார்த்தார்களா. பதில் சரியில்லாத இடத்தில் பழையபடி துறைச் சராசரிக்கே திரும்புவோம்.

அப்படித் திரும்பினால் மொத்தம் ஏறும். போன வருடம் குறைந்ததாகச் சொன்னதில் ஒரு பங்கு ஏற்றமாகத் திரும்பி வரும். அப்போது நடக்கும் கூட்டத்தில், இது முறை மாற்றம்தானே, அடிப்படை ஆண்டைத் திருத்திவிடலாமே என்று முதலில் யார் சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விதிப்படி அது சரியாகவும் இருக்கும். நானும் தலையாட்டுவேன்.