இன்று என் குரல் எனக்கே கேட்டது

சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, ஹாம் ரேடியோவில் என் அழைப்புக்குறியை, அதாவது உரிமத்தோடு கிடைத்த அடையாளப் பெயரை, சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் இயர்போனில் என் குரல், கொஞ்சம் கரகரப்போடு.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்த சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரை (கேட்டதை வேறு அலைவரிசையில் உடனே திருப்பி அனுப்பும் கருவி) தொட்டுவிட்டு வந்த குரல்!

போன வாரம் வரை கையில் ஒரே ஒரு வாக்கி டாக்கிதான். பொத்தானை அழுத்தினால் அதன் காது அடைத்துவிடும். எனக்கு முன்பே யாரோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். விட்ட பிறகுதான் தெரிந்தது. நிலையம் தலைக்கு மேல் இருப்பதே 10 நிமிடம். அதில் அவருடைய முறையை நான் கெடுத்துவிட்டேன். இன்னமும் உறுத்துகிறது.

இன்று இரண்டு. ஒன்றில் 145.990 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினேன், ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனோடு. பழைய செட்டில் கேட்டேன். நிலையம் நெருங்கும்போது 437.810, தலைக்கு மேல் 437.800, விலகும்போது 437.790. நிலையம் நகரும் வேகத்தால் அலைவரிசை மாறித் தெரியும் டாப்ளர் விளைவு, கைவிரலிலேயே தெரிகிறது.

செட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறார்கள். 5 வாட் தாராளம், ஒரே திசையில் குவிக்கும் நல்ல யாகி ஆன்டெனா இருந்தால் சரி. பேசும்போதே கேட்க முடியுமா என்று கேளுங்கள். 'இரட்டை பேண்ட்' (இரண்டு அலைவரிசைப் பட்டைகள்) என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. பெரும்பாலானவை அனுப்பும்போது ஊமையாகிவிடும். கட்டுப்படியாகவில்லையா, சாதாரண செட் இரண்டு வாங்குங்கள். அப்புறம், இரண்டையும் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். அனுப்பும் அலைவரிசையின் மூன்று மடங்கிலும் கொஞ்சம் சிக்னல் கசியும். அது 437.970, கேட்கும் இடத்துக்கு ரொம்பப் பக்கம்.

இன்று ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு அழைத்தேன். பதில் வந்தது.