ஷெஃபீல்டுக்கு வரும் குமரிக்காரர்களுக்கு: சர்க்கஸ் ரசிகர்கள் சேர்த்துவைத்த காகிதங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்திலிருந்து ஷெஃபீல்டுக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கப்படுவது ஒரே பட்டியல்தான்: வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு, வாடகை ஒப்பந்தம், மட்டை அரிசி கிடைக்கும் கடை. அதில் இன்னொரு இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் நீல வழித்தட டிராமைப் பிடித்து யுனிவர்சிட்டி நிறுத்தத்தில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் வெஸ்டர்ன் பேங்க் நூலகம் இருக்கிறது. 1959-ல் டி.எஸ். எலியட் திறந்துவைத்த கட்டடம். நேஷனல் ஃபேர்கிரவுண்ட் அண்ட் சர்க்கஸ் ஆர்க்கைவ் என்னும் ஆவணக் காப்பகம் அங்கேதான் இயங்குகிறது. 1994-ல் ராட்டினத் திடல்களின் காப்பகமாகத் தொடங்கி, பிறகு பெயரிலும் சர்க்கஸைச் சேர்த்துக்கொண்டது. நாகர்கோவில் அனாதைமடம் மைதானத்தில் சர்க்கஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே பார்க்க நிறைய உண்டு.

அங்குள்ள சர்க்கஸ் சேகரத்தில் முக்கியமான ஒரு பகுதி, டிக்கெட் வாங்கிப் பார்த்த ரசிகர்கள் சேர்த்துக் கொடுத்தது. பிரிட்டனின் சர்க்கஸ் ஃப்ரெண்ட்ஸ் அசோசியேஷன் 1934-ல் தொடங்கியது. சர்க்கஸ் முதலாளி பெர்ட்ராம் மில்ஸ் 1920 முதல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் கிறிஸ்துமஸ் சர்க்கஸ் நடத்திப் பெரும் பெயர் எடுத்திருந்த காலம் அது. 1930-லிருந்து மில்ஸ் கம்பெனியின் கூடாரமும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவில் இப்படியொரு ரசிகர் சங்கம் 1926-லேயே வந்துவிட்டது. வரலாற்றுக்கென்றே சர்க்கஸ் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டியை 1939-ல் அமைத்தார்கள். பிரிட்டன் சங்கத்தின் இதழுக்கு, கூடாரத்தைத் தாங்கும் நடுக் கம்பத்தின் பெயரான கிங் போல் என்பதையே வைத்தார்கள். சந்தா கட்டினால் உறுப்பினர், அவ்வளவுதான். கம்பெனிக்காரராகவோ கலைஞராகவோ இருக்க வேண்டியதில்லை.

ரசிகர்கள் ஏன் சேர்க்க வேண்டியிருந்தது? கூடாரத்தோடு வாரத்துக்கொரு ஊர் மாறுகிற கம்பெனி, தேவையில்லாத எடையை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் நகரும். ஒட்டிய வால்போஸ்டர் மழையில் போகும், அல்லது அடுத்த வாரம் வேறொரு போஸ்டர் அதன்மேல் ஏறும். நோட்டீஸ் கடலை மடிக்கப் போகும். கணக்குப் புத்தகங்கள் கம்பெனி நொடிக்கும்போது காணாமல் போகும். மிஞ்சுவது யாரோ ஒரு ரசிகர் சட்டைப்பையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனது மட்டும்.

இந்தச் சேகரங்களில் எங்களுக்கு அச்சிட்ட படங்களைவிடப் பெரிதாகத் தெரிவது நிகழ்ச்சி நிரலின் ஓரத்தில் இருக்கும் பென்சில் குறிப்பு. அச்சிட்ட நிரல் சீசன் தொடங்குமுன் தயாரானது. நடுவில் பார் விளையாட்டுக்காரருக்குத் தோள் பிசகியிருக்கும், குதிரைக்காரர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், ஏழாவது உருப்படி மூன்றாவதாக ஏறியிருக்கும். ரசிகர் இருட்டில் உட்கார்ந்து வராத பெயரை அடித்து, புதிதாக வந்தவரின் பெயரைக் கிறுக்கி, வரிசை எண்ணை மாற்றி, மேலே தேதியும் ஊரும் எழுதியிருப்பார். கூடாரத்தில் எத்தனை கம்பம், கூட்டம் பாதியா முழுசா என்றும் சிலர் குறித்தார்கள். அந்த இரவில் வளையத்துக்குள் உண்மையில் நடந்தது என்ன என்பதற்குப் பல சமயம் வேறு சாட்சியே கிடையாது. பழைய நிரல் கையில் கிடைத்தால் இந்தக் கிறுக்கலை ரப்பர் வைத்து அழித்துச் சுத்தப்படுத்திவிடாதீர்கள்.

காப்பகத்துக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டிப் பயனில்லை. எந்தச் சேகரம், எந்தப் பெட்டி என்று இணையப் பட்டியலில் தேடிக் குறிப்பு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பி நாள் வாங்க வேண்டும். இந்த நாட்டில் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் படம் உள்ள அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கையில் இருக்கட்டும். புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். வாடகை ஒப்பந்தத்தை ஏற்காத இடங்கள் உண்டு. கவுன்சில் வரிக் கடிதமோ வங்கிக் கணக்கு அறிக்கையோ உங்கள் பெயரில் வரும்படி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி, வங்கியில் வேறு வரிசையில் பதிந்திருப்பது நம்மவர்களுக்கு வழக்கமான தொல்லை. மின்னஞ்சலிலேயே அதைச் சொல்லிவிட்டால் வாசலில் நிற்க வேண்டாம்.

உள்ளே பேனா, தண்ணீர், பை எதுவும் கூடாது. பென்சிலும் மடிக்கணினியும் போதும். காகிதத்தைக் கழுவித் துடைத்த வெறுங்கையால் தொடலாம். துணிக் கையுறை போட்டால் விரல் உணர்ச்சி குறைந்து ஓரம் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் கையுறை கேட்பார்கள், விரல் எண்ணெய் அந்தப் பூச்சில் ரேகையாகப் பதிந்துவிடும் என்பதால். பெட்டிக்குள் கோப்புகள் இருக்கும் வரிசையை மாற்றக் கூடாது. இரண்டு காகிதம் அடுத்தடுத்து இருப்பதே ஒரு தகவல். படம் எடுக்க ஃபிளாஷ் இல்லாமல் அனுமதி கிடைக்கலாம், ஆனால் அதை வெளியிடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். பிரிட்டனில் பதிப்புரிமை, படைப்பை உருவாக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிற்கும், இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டுகள்.

நம் ஆட்களைத் தேடும்போது ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. இந்திய சர்க்கஸ் 1880-ல் விஷ்ணுபந்த் சத்ரேயோடு மகாராஷ்டிரத்தில் தொடங்கினாலும், கலைஞர்களை உருவாக்கியது கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலைச்சேரியில் நடத்திய பயிற்சிக்கூடம். அங்கிருந்து 1930-களில் மேல்நாட்டு வளையங்களுக்குப் போன ஒரு கயிற்றாட்டக்காரர் விளம்பரங்களில் கண்ணன் பொம்பாயோ ஆனார். குழுவாக ஆடினால் குழுவின் பெயர்தான் அச்சாகும், ஆளின் பெயர் வராது. ஆகவே வித்தையின் பெயர், கம்பெனியின் பெயர், ஆண்டு என்று மூன்று பக்கமிருந்தும் தேடுங்கள்.

மிகப் பெரிய சிக்கல் ஆண்டுதான். சர்க்கஸ் போஸ்டரில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு பெரும்பாலும் இருக்காது. ஒரு வாரத்துக்காக அச்சடித்த காகிதத்துக்கு அது தேவைப்படவில்லை. ரசிகர் சங்கத்தார் இதை அவிழ்க்கும் முறை எளிது. 'திங்கள், ஜூலை 4' என்று ஒரு பிரிட்டிஷ் போஸ்டரில் இருக்கிறது என்று வையுங்கள். போருக்குப் பின் 1980 வரை அந்தப் பொருத்தம் 1949, 1955, 1960, 1966, 1977 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே வரும். கட்டணம் ஷில்லிங்கில் இருந்தால் 1977 போய்விடும், ஏனென்றால் 1971 பிப்ரவரி 15 முதல் தசம நாணயம். மிஞ்சிய நான்கையும் அந்தக் கம்பெனியின் பயண அட்டைகளோடு ஒப்பிட வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று கம்பெனி அச்சிட்ட சிறு அட்டைகள் அவை. ரசிகர்கள் விடாமல் சேர்த்ததும் அவற்றைத்தான். தொலைபேசி எண்ணும் உதவும். லண்டன் குறியீடு 1990-ல் 01-லிருந்து 071, 081 என்று மாறியது, 1995-ல் 0171, 0181, 2000-ல் 020. ஷெஃபீல்டில் 1995 வரை 0742, பிறகு 0114.

நம் ஊர் நோட்டீசுக்கும் இதே வழிதான், துப்புகள் மட்டும் வேறு. அணாக் கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அல்லது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட ஓரிரு ஆண்டுக்குள். 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964 ஜூனுக்கும் இடையில். முகவரியில் திருவிதாங்கூர்-கொச்சி என்று வந்தால் குமரி மாவட்டம் அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முன். 'தமிழ்நாடு' என்று மாநிலப் பெயர் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பின், பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். படத்தை நம்பிக் காலம் சொல்லாதீர்கள். அச்சகங்கள் ஒரே புலிப் படத்தைப் பல ஆண்டு, பல கம்பெனிக்குப் போட்டுக்கொடுக்கும். எழுத்தில் 'சிங்கம், புலி, கரடி' என்று உருப்படியாக அறிவித்திருந்தால்தான் அது கணக்கில் வரும். அவற்றை வளையத்தில் காட்டுவதற்கு மத்திய அரசு 1998-ல் தடை அறிவித்தது, 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இனி வீட்டில் வைத்திருக்கும் காகிதம். குமரியில் ஜூனிலும் அக்டோபரிலும் இரண்டு மழையைத் தாங்க வேண்டும். டிரங்குப் பெட்டியில் போட்டுக் கட்டிலடியில் தள்ளினால் அடித்தகடு துருவும், துரு காகிதத்தில் ஏறும். இரும்புப் பின்னும் கிளிப்பும் அதையேதான் செய்யும், முதலில் அவற்றைக் கழற்றுங்கள். செலோடேப் பத்து இருபது ஆண்டில் பழுத்து, பசை மட்டும் மஞ்சள் கறையாகக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். அதை உரிக்க முயலாதீர்கள், எழுத்தும் சேர்ந்து வரும். பாச்சை உருண்டை படத்தின்மேல் படவே கூடாது. எல்லாவற்றையும்விடக் கேடு லேமினேஷன். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகித நாரோடு ஒன்றாகிவிடும், பிறகு எந்தக் காப்பகத்தாலும் பிரிக்க முடியாது. பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டும்.

ஷெஃபீல்டு வீடுகளின் பிரச்சினை வேறு. குளிர்காலத்தில் வெளிச்சுவர் சில்லென்று இருக்கும், ஹாலில் துணி காயப்போட்ட ஈரம் அங்கே போய் வியர்த்துக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தச் சுவரோரத்தில் பெட்டி வைத்தால் ஒரே குளிர்காலத்தில் படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரணும் நிலவறையும் வேண்டாம், ஹீட்டர் பக்கமும் வேண்டாம். உள்சுவரோரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். சில பவுண்டுக்கு ஈரப்பதமானி கிடைக்கும். 35-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வரும். பெரிய போஸ்டரை மடிக்காமல், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள அட்டைக் குழாயின்மேல் சுற்றுங்கள். மடித்தால் மடிப்புக் கோட்டில்தான் முதலில் பிளக்கும். பழைய நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் அசிடேட் படலம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமாக வைத்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்யுங்கள். அச்சுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும், 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000-க்குக் குறையாமல். மூலக் கோப்பு டிஃப் வடிவில், பார்ப்பதற்கு ஜேபெக். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள், தேதியும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான்.

நாகர்கோவிலுக்கு வந்த சர்க்கஸ்களின் கதை இன்னும் பெரும்பாலும் ஆட்களின் நினைவில்தான் இருக்கிறது. ஊரில் உள்ள பெரியவர்களிடம் வீடியோ அழைப்பில் கேட்க நீங்கள் இங்கிருந்தே தொடங்கலாம். ரசிகர்களைவிடக் கூடாரத்தோடு வேலை செய்தவர்களை முதலில் பிடியுங்கள்: மைதானத்துக்கு வெள்ளம் கொண்டுவந்த லாரிக்காரர், யானைக்குத் தீவனம் கொடுத்தவர், போஸ்டர் ஒட்டியவர், மைக் செட் கட்டிய ஆட்டோக்காரர். "எந்த வருசம்?" என்று கேட்டால் தவறான விடைதான் வரும். "அண்ணாச்சி, அப்போ உங்க மூத்த மவனுக்கு எத்தனை வயசு? கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு முன்னேயா பின்னேயா?" என்று கேளுங்கள். கூடாரம் எந்தப் பக்கம் வாசல் வைத்தது, நடுக் கம்பம் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை காட்சி, கடைசி உருப்படி எது, இதெல்லாம் நன்றாக நினைவிருக்கும். பேசுகிறவர் பெயர், பதிவு செய்த தேதி, ஊர் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் சொன்னது போகாது.

குழந்தைக் கலைஞர்கள் பற்றிய பேச்சு நிச்சயம் வரும். சர்க்கஸில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறவர் பலர் இன்று நடுவயதில் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பகுதியை அழிக்க வேண்டாம். எத்தனை ஆண்டுக்கு மூடி வைக்க வேண்டும் என்று பேசியவரிடமே கேட்டு, பெயரை மறைத்து ஒரு பிரதி தனியாக வையுங்கள். சேகரத்தை ஒரு காப்பகத்துக்குக் கொடுக்கும் நாள் வந்தால், கொடையா இரவலா, பதிப்புரிமையும் சேர்ந்து போகிறதா, மூடிவைத்த பகுதியை யார் எப்போது திறக்கலாம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.