இறங்குவதற்கு முன் ஏற வேண்டிய படிகள்

சென்னையில் நிலத்தடி மெட்ரோவுக்குப் போக முதலில் மேலே ஏற வேண்டும். பெரும்பாலான வாசல்களில் நடைபாதையிலிருந்து சில படிகள் ஏறினால்தான் கீழே போகும் எஸ்கலேட்டரே கண்ணில் படும். முழங்கால் வலிக்காரர்கள் திட்டுவது இந்தப் படிகளைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் நிலையத்தைக் காப்பதும் இவைதான். தெருத் தண்ணீர் ஒரு வாசல் வழியாக உள்ளே வழிந்தால் டிக்கெட் எடுக்கும் தளமான கான்கோர்ஸோடு நிற்காது; பிளாட்பாரம், தண்டவாளம், சுரங்கம் என்று கடைசிப் பள்ளம் வரை போகும். அதனால் வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் வாசலை வைக்கிறார்கள். லிஃப்டுக்கும் காற்றுப்போக்கித் திறப்புக்கும் இதே கணக்குதான். ஒரு திறப்பு தாழ்ந்து போனாலும் மற்றவை உயரமாக இருந்து பயனில்லை.

நிலத்தடி நிலையத்தைக் கட்டடம் என்று நினைப்பதைவிட, தண்ணீருக்குள் அமுக்கி வைத்த பெட்டி என்று நினைத்தால் பல விஷயங்கள் சட்டென்று புரியும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை மெட்ரோவின் முதல் ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் மேம்பாலத்தில் ஓடியது. நிலத்தடிப் பயணம் தொடங்கியது 2017 மே 14 அன்று, திருமங்கலம்–நேரு பூங்கா இடையே. 2018 மே 25-ல் நேரு பூங்காவிலிருந்து சென்ட்ரல் வரையும், சைதாப்பேட்டையிலிருந்து ஏ.ஜி.–டி.எம்.எஸ். வரையும் நீண்டது. 2019 பிப்ரவரி 10-ல் அண்ணா சாலையின் மிச்சமும் வண்ணாரப்பேட்டையும் சேர்ந்தன. முதல் கட்டத்தின் 32 நிலையங்களில் 19 தரைக்குக் கீழே. அவற்றில் சென்ட்ரல்தான் பெரியது: சுமார் 70,000 சதுர மீட்டர், இரண்டு வழித்தடங்களும் வெவ்வேறு தளங்களில் சந்திக்கும் இடம்.

சென்ட்ரலின் சிக்கல் அளவில் இல்லை, அக்கம்பக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் 1873-ல் வந்த ரயில் நிலையம், இன்னொரு பக்கம் 1913-ன் ரிப்பன் மாளிகை, அதை ஒட்டி விக்டோரியா பப்ளிக் ஹால். இதுபோன்ற பழைய செங்கல் கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டும்போது சுவர்களில் சின்னக் கண்ணாடிப் பட்டகங்களை ஒட்டி, சுவர் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது, சாய்கிறது என்று அளந்துகொண்டே இருப்பார்கள். கட்டடம் மொத்தமாகக் கொஞ்சம் இறங்கினால் பெரிய ஆபத்தில்லை. ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் சுவர் பிளக்கும்.

இனி பெட்டியைச் செய்யும் விதம். நெரிசலான சாலையில் மேலிருந்து கீழாகக் கட்டுவதுதான் வசதி. முதலில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மின் கேபிள் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். திட்டம் தாமதமாவதில் பாதி இங்கேயே நடந்துவிடும். அடுத்து பக்கச் சுவர், அதாவது டயஃப்ரம் சுவர். பொதுவாக 0.8 முதல் 1.2 மீட்டர் தடிமன். ஐந்தாறு மீட்டர் நீளத் துண்டுகளாக, குறுகலான அகழியாக ஆழமாகத் தோண்டுவார்கள். அகழி சரியாமலிருக்க பெண்டோனைட் களிமண் குழம்பை நிரப்பி, அதன் மட்டம் எப்போதும் நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மட்டம் இறங்கினால் மணல் உள்ளே சரியும்.

பிறகு கம்பிக்கூட்டை கிரேனில் இறக்கி, ட்ரெமி குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கனமான கான்கிரீட் அடியில் சேரச் சேரக் குழம்பு மேலே வரும். குழாயின் நுனி எப்போதும் இரண்டு மீட்டராவது கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். அவசரத்தில் குழாயைக் கூடுதலாகத் தூக்கிவிட்டால் குழம்பு நடுவில் சிக்கி, சுவருக்குள் களிமண் பை போல உட்கார்ந்துவிடும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து உள்பக்கம் தோண்டும்போது அங்கிருந்துதான் தண்ணீர் பீறிடும். இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பும் இதேபோல் பலவீனமான இடம். அங்கே ரப்பர் தடுப்புப் பட்டை வைப்பார்கள். ஆனால் முதல் துண்டின் ஓரத்தில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டி எடுக்காமல் அடுத்ததை ஊற்றினால் பட்டை இருந்தும் கசியும். நிலத்தடிச் சுவர்களில் நேர்க்கோடாக வெள்ளை உப்புப் படிவு இறங்கியிருந்தால் அனேகமாக அது இணைப்புக் கசிவுதான். துளையிட்டு ரசாயனக் கலவையை அழுத்தத்தில் செலுத்தி அடைப்பார்கள். சில சமயம் தண்ணீர் ஒரு மீட்டர் தள்ளி வேறு வழி தேடிக்கொள்ளும்.

சுவர் முடிந்ததும் மேல்தளம். அதன் மேல் சாலையைத் திரும்பப் போட்டுவிடலாம். கீழே தோண்டித் தோண்டி கான்கோர்ஸ் தளம், கடைசியில் அடித்தளம். இங்கேதான் பலரும் நம்ப மறுக்கும் விஷயம்: இவ்வளவு கான்கிரீட்டும் மிதக்கப் பார்க்கும். உதாரணத்துக்கு, 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், நீர்மட்டத்துக்குக் கீழே 15 மீட்டர் ஆழம் உள்ள பெட்டி என்றால் 60,000 கனமீட்டர் தண்ணீரை இடம்பெயர்க்கிறது. அப்படியானால் 60,000 டன் விசை கீழிருந்து தள்ளும். அதைச் சமாளிப்பது தடித்த அடித்தளம், பக்கச் சுவரின் உராய்வு, கூரைக்கு மேல் நிரப்பும் மண். போதுமான எடை ஏறுவதற்கு முன் நீரிறைக்கும் பம்புகளை நிறுத்தினால் அடித்தளம் விரிசல் காணும்.

நிலையங்களுக்கு இடையே சுரங்கம். உள்விட்டம் 5.8 மீட்டர். சென்னை மண்ணின் குணம் ஒரே மாதிரி இல்லை: வடக்கே மணலும் களிமண்ணும், தெற்கே சைதாப்பேட்டை, கிண்டிப் பக்கம் சார்னோகைட் பாறை. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம்ம பல்லாவரம் பக்கத்துப் பாறை. அதனால்தான் அந்தப் பெயர். முழுப் பாறையோ முழு மணலோ சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்குப் பிரச்சினை இல்லை. கீழே பாறை, மேலே மணல் என்று கலந்து வந்தால்தான் தொல்லை. பாறையை வெட்ட மெதுவாகப் போக வேண்டியிருக்கும். அதற்குள் மேலே உள்ள மணல் தேவைக்கு அதிகமாக உள்ளே வந்துவிடும். இயந்திரத்தின் முன்னால் சுழலும் 6.6 மீட்டர் விட்டமுள்ள வெட்டுத்தலை 1.4 மீட்டர் முன்னேறினால் சுமார் 48 கனமீட்டர் மண் வர வேண்டும். தோண்டிய மண் உப்புவதையும் சேர்த்துக் கணக்கு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி வந்தால் மேலே எங்கோ வெற்றிடம் உருவாகிறது என்று அர்த்தம். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில், சுரங்கப் பணி நடந்த இடத்தில் சாலை உள்வாங்கி மாநகரப் பேருந்தும் காரும் இறங்கிப் போனது பலருக்கும் நினைவிருக்கும். கைவிட்ட கிணறுகளும் போர்வெல்களும் இன்னொரு தலைவலி. எந்த வரைபடத்திலும் இல்லாத துளை வழியாக இயந்திரம் கொடுக்கும் அழுத்தம் வெளியேறி, யார் வீட்டு முற்றத்திலோ சேறு பொங்கும்.

தண்ணீருக்கு அடுத்தது காற்று. கொல்கத்தாவின் பழைய நிலையங்களில் ரயில் வருவதற்கு முன்பே காற்று முகத்தில் அடிக்கும். ரயில் ஊசிக்குழல் தண்டு போலக் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சென்னை நிலத்தடி நிலையங்களில் பிளாட்பார ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள் இருப்பதால் அந்தக் காற்றும் சூடும் சுரங்கத்திலேயே நிற்கும். ஏசி குளிர் வீணாகாது, யாரும் தண்டவாளத்தில் விழவும் முடியாது. தள்ளப்பட்ட காற்று வெளியேறத்தான் சாலையோரம் சட்டம் சட்டமாகத் திறப்பு வைத்த கான்கிரீட் கோபுரங்கள். பார்க்க அசிங்கம்தான்; ஆனால் சுரங்கத்தில் தீப்பிடித்தால் ராட்சத விசிறிகள் ஒரு முனையிலிருந்து ஊதி, மறுமுனையில் இழுத்து, பயணிகள் நடக்கும் திசைக்கு நேர்மாறான பக்கம் புகையைத் தள்ளுவது இவற்றின் வழியாகத்தான். உலகெங்கும் பின்பற்றப்படும், அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 130 விதிப்படி பிளாட்பாரம் 4 நிமிடத்தில் காலியாக வேண்டும். 6 நிமிடத்தில் எல்லோரும் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். இரட்டைச் சுரங்கங்களுக்கு இடையே 244 மீட்டருக்குள் ஒரு குறுக்கு வழி வேண்டும். படிக்கட்டின் அகலமும் எஸ்கலேட்டரின் எண்ணிக்கையும் இந்த நிமிடக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. சாதாரண நாளில் காலியாகக் கிடக்கும் படிக்கட்டைப் பார்த்து "எதுக்கு இவ்ளோ பெருசு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான்.

ஷெனாய் நகரில் நிலையம் திரு.வி.க. பூங்காவுக்கு அடியில் இருக்கிறது. பெட்டியை அமுக்கிப் பிடிக்க மேலே மண் எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான். ஆனால் கூரையும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். இதுபோன்ற கூரைகளின் மேல் ஆழமாக வேர்விடும் மரங்களை நட்டால், நீர்த்தடுப்புப் படலத்தை முதலில் சோதிப்பது அவற்றின் வேர்தான். புல்லும் செடியும் மேல்வேர் மரங்களும் போதும்.