பனியில் டிஃப் லாக்: என் குளிர்கால நாட்குறிப்பு

டிசம்பர் 4

முதல் பனி விழுந்துவிட்டது, கணுக்கால் அளவு. என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின் ஆக்ஸிலில் ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தால் இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைக்கிற டிஃப் லாக்) பொருத்திய பிறகு வருகிற முதல் குளிர்காலம், அதனால் பருவம் முடியும்வரை எழுதி வைக்கப் போகிறேன்.

இன்று ஓர் ஏற்றத்தில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்திக் கிளம்பிப் பார்த்தேன். பின்னால் இடது சக்கரம் பனிக்கட்டி மேல், வலது சக்கரம் சரளை மேல். லாக்கர் போடாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இடது மட்டும் சுற்றுகிறது, வண்டி நகரவே இல்லை. சாதாரண டிஃபரன்ஷியல் (என்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற கியர் தொகுதி) இரண்டு பக்கத்துக்கும் சம அளவு டார்க்தான், அதாவது சுற்றுவிசைதான், தரும், வழுக்குகிற சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதுக்கும். முன் ஆக்ஸிலிலும் இதே கதை. சக்கரங்கள் நின்ற பிறகு ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு பக்கத் தண்டுகளும் ஒன்றாகச் சுற்ற, வலது சக்கரம் வண்டியை மேலே தள்ளிவிட்டது. சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 9

ஸ்விட்சைப் போட்ட உடனே லாக்கர் பிடித்துவிடாது. உள்ளே ஒரு பக்கப் பற்கள் மறுபக்கத்தின் இடைவெளிகளில் பொருந்தும்படி வர வேண்டும், அதுவரை டாஷ்போர்டு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் உருட்டி, ஸ்டியரிங்கை இப்படி அப்படி ஆட்டினால் சேர்ந்துகொள்ளும். எடுக்கும்போதும் அப்படித்தான், சில சமயம் ஒரு முழம் பின்னால் வந்தால்தான் விடும். சக்கரம் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் போடவே கூடாது, பல்லோ தண்டோ உடையலாம்.

டிசம்பர் 17

இன்னும் கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காட்டுப் பாதையில் ஓரிடத்தில் சாலை வலது பக்கம் பள்ளத்தை நோக்கிச் சரிந்திருக்கும், அதன் மேல் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. சிக்கிக்கொள்ளக் கூடாது என்று முன்கூட்டியே லாக்கரைப் போட்டுவிட்டு, லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவிசை கூடுகிற கியர்) மெதுவாகத்தான் போனேன். பாதி தூரத்தில் வேகம் குறைகிற மாதிரி இருக்கவே லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன், அவ்வளவுதான், வண்டியின் பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் பள்ளத்தை நோக்கி இறங்க ஆரம்பித்தது. முன்னால் போகவில்லை, பக்கத்தில் போகிறது! காலை எடுத்தேன். விளிம்புக்கு ஒரு கை அகலம் இருக்கும்போது நின்றது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. ஒரு டயருக்கு இருக்கிற பிடிமானம் மொத்தமாக ஒன்றுதான், அதைச் சுற்றுவதில் செலவழித்துவிட்டால் பக்கவாட்டில் தாங்க எதுவும் மிஞ்சாது. லாக்கர் இல்லாதபோது ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் மற்றது சும்மா நிற்கும், அந்தச் சும்மா நிற்கிற சக்கரம்தான் ஆக்ஸிலைச் சாலையில் பிடித்து வைக்கிறது. லாக்கர் போட்டால் இரண்டும் சேர்ந்து பிடியை விடும், அப்புறம் சரிவு எந்தப் பக்கமோ வண்டியும் அந்தப் பக்கம்.

பனியில் லாக்கர் இருந்தால் பாதுகாப்பு என்று நானும் நம்பினேன். சரிந்த சாலையில் அது நேர்மாறு.

டிசம்பர் 20

அதே இடம். நான்கு டயரிலும் பனியைப் பிடிக்கிற செயின் சுற்றினேன், லாக்கர் போடவில்லை. ஒரு சிறு ஆட்டம்கூட இல்லாமல் கடந்தேன்.

ஜனவரி 6

காலையில் மைனஸ் 20. லாக்கர் பிடிக்கவே இல்லை. கம்ப்ரெசர் ஓடுகிறது, காற்று போய்ச் சேரவில்லை, குழாயில் தங்கியிருந்த ஈரம் உறைந்திருந்தது. குளிர் தொடங்கும் முன்பே காற்றுத் தொட்டியை வடித்திருக்க வேண்டும். கூடவே கியர் ஆயிலையும் 75டபிள்யூ-90க்கு மாற்றினேன் (டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் கெட்டியாவது குறையும்). 80டபிள்யூ வகை மைனஸ் 26 வரைக்கும், 75டபிள்யூ மைனஸ் 40 வரைக்கும் சோதிக்கப்படுகிறது, இந்தக் குளிரில் அந்த வித்தியாசம் முக்கியம்.

ஜனவரி 15

முன் ஆக்ஸிலுக்கும் லாக்கர் போடலாமா என்று நண்பர் கேட்டார். போடலாம், ஆனால் அதை லாக் செய்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பனியில் வண்டி திருப்பத்தை மதிக்காமல் நேராகவே போகப் பார்க்கும். ஊர்ந்து நேராக வெளியே வர மட்டும்தான் அது. அந்தப் பணத்துக்கு முதலில் நல்ல குளிர்கால டயர் நான்கு வாங்குங்கள் என்றேன், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது எந்த லாக்கரும் உதவாது. சொல்லப்போனால் பல வண்டிகளில் பின் லாக்கரைப் போட்டால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கிற அமைப்பு) அணைந்துவிடும்.

ஜனவரி 28

இரவு முழுக்கப் பனி, முழங்கால் உயரம். சமதளத்தில் புதைந்தேன். டயர் காற்றைக் குறைத்து, சக்கரங்களைச் சுற்றிக் கொஞ்சம் தோண்டி, லாக்கரைப் போட்டு நேராக நான்கு மீட்டர் வந்தேன். கெட்டியான தடத்தில் ஏறியதும் ஸ்விட்சை அணைத்தேன், விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வளைவில் திருப்பினேன்.