காட்டலாமா அக்கா?

மொத்தம் இரண்டு வரிதான். “இதை எறக்கி எல்லாருக்கும் காட்டலாமா அக்கா?” என்று, தானே செய்த ஒரு மிஷினை ஜீப்பில் கொண்டுவந்திருந்த ஒரு தம்பி கேட்டான். “தாராளமா காட்டு தம்பி. எல்லாம் நம்ம ஜனங்கதானே, யாரு தூக்கிட்டுப் போயிடப் போறாங்க?” என்று நான் சொன்னேன். மூன்று வருடம் ஆகிறது. கொடைக்கானல் மேல்மலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால் இன்றைக்கும் அது காதில் விழுகிறது. அவன் கேட்டது இல்லை, நான் சொன்ன பதில்.

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் தெரியாமல் சொன்னது என்று விட்டுவிடலாம். நான் சென்னையில் ஒரு காப்புரிமை (பேட்டன்ட்) முகவர் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த மலைக்கு வந்தவள். சேர்ந்த முதல் நாளே அங்கே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: விண்ணப்ப எண் கையில் வரும்வரை கண்டுபிடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. போதாததற்கு, அன்று காலை அந்தச் சமுதாயக்கூடத்தில் நான் எடுத்த வகுப்பே அறிவுசார் சொத்துரிமை பற்றியதுதான்.

அந்த வகுப்பை நினைத்தால் முதலில் பெருமையாகத்தான் இருக்கிறது. நாற்பது பேர், பாதிக்கு மேல் பெண்கள். எழுதிய பாட்டுக்கும் வரைந்த படத்துக்கும் பதிப்புரிமை உண்டு, அதை எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை, எழுதியவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் இருக்கும் என்றேன். கடைப் பெயருக்கும் முத்திரைக்கும் வணிகச் சின்னம், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒரு பொருளின் வெளித்தோற்றம் புதிதாக இருந்தால் வடிவமைப்புப் பதிவு, 10 ஆண்டு, கேட்டால் இன்னும் 5 ஆண்டு. விதையைப் பற்றி ஒரு பெரியவர் கேட்டார். 2001-இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை இருக்கிறது, பிராண்டு பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது என்று சொன்னதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

கூட்டம் நிமிர்ந்தது புவிசார் குறியீட்டுக்கு, அதாவது ஒரு ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குக் கொடுக்கிற பதிவுக்கு, வந்தபோதுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது, அதே வருடம்தான் கீழே பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும். அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி மலைவாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. “இந்தப் பூண்டு ஒரு ஆளோட சொத்து இல்லை. இந்த மண்ணுல, இந்தக் குளிர்ல விளைய வைக்கிற நீங்க எல்லாரும் சேர்ந்துதான் இதுக்குச் சொந்தக்காரங்க” என்று சொன்னேன். ஒவ்வொருவரும் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்துகிறவராகத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன், ஆனால் அது யார் மனதிலும் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். நின்றது ‘எல்லாரும் சேர்ந்துதான்’ என்பது.

அப்புறம் மஞ்சள் கதை. எங்கே வகுப்பு எடுத்தாலும் அதை நான் விடுவதில்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூல், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என்று எடுத்து வைத்து, இது எங்கள் நாட்டில் எப்போதோ தெரிந்த விஷயம் என்று காட்டியது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. “ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ஒண்ணை ஒருத்தர் மட்டும் சொந்தம்னு எழுதிக்க முடியாது” என்று நான் முடித்தபோது கை தட்டினார்கள். பின் வரிசையில் அவனும் தட்டினான்.

காப்புரிமைக்கு, அதாவது இயந்திரத்துக்கும் செய்முறைக்கும் வாங்குகிற காப்புரிமைக்கு, நான் ஒதுக்கியது பத்து நிமிடம்கூட இருக்காது. (பத்திரிகைகளில் பாட்டுக்கும் காப்புரிமை, மருந்துக்கும் காப்புரிமை என்று ஒரே சொல்லைப் போட்டு எழுதுவதால் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே ஐந்து நிமிடம் போனது.) விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, புதிதாக இருக்க வேண்டும், சாதாரணமாக யாருக்கும் தோன்றிவிடக் கூடாது, தொழிலுக்குப் பயன்பட வேண்டும். அவ்வளவுதான் சொன்னேன். டீ வந்துவிட்டது. டீ வந்தது மட்டும் காரணம் இல்லை. பூண்டு போடும் ஊரில் இயந்திரக் காப்புரிமை யாருக்குத் தேவைப்படப்போகிறது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. ஏழு வருடம் இந்த ஜனங்களோடு பழகியும் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

டீ குடிக்கும்போது வந்தான். ஜீப்பின் பின்னால் சாக்கு போட்டு மூடி ஒன்றை வைத்திருந்தான். விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்கும் மிஷின். பழைய சைக்கிளின் பெடலும் செயினும், இரண்டு உருளை, உருளைமேல் ஜீப் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தான். ஒரு உருளை மற்றதைவிட மெதுவாகச் சுற்றும்படி பல்சக்கரத்தை மாற்றிப் போட்டிருந்தான். அதனால் பூண்டு நசுங்காமல், கையால் திருகுவதைப் போலத் திருகி விரிகிறது. “அடிப்பக்கம் காயம் பட்டா மண்ணுக்குள்ள அழுகிடும்ல அக்கா, அதான்” என்றான். விதைப் பருவத்தில் வீட்டுப் பெண்கள் நாள்கணக்காக உட்கார்ந்து நகத்தால் பிரிப்பார்கள். நகக்கண் எரியும். இரவில் சோறு பிசைய முடியாது. அவன் அம்மாவின் விரலைப் பார்த்துத்தான் இதைச் செய்ததாகச் சொன்னான்.

சொல்லிவிட்டுத்தான் அதைக் கேட்டான். காட்டலாமா அக்கா.

அவன் ஏன் கேட்டான்? இதை நான் நூறு முறையாவது யோசித்திருப்பேன். நிகழ்ச்சிக்கு நடுவில் இடைஞ்சல் ஆகுமோ என்று அனுமதி கேட்டானா? அப்படித்தான் அன்று எடுத்துக்கொண்டேன். இல்லை, காலையில் கேட்ட அந்தப் பத்து நிமிடத்திலிருந்து அவனுக்கு ஏதோ தட்டியிருக்கிறது, அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இப்படிக் கேட்டானா? இரண்டாவதுதான் சரி என்றால், பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன், அவனை நான்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இறக்கினான். அரைக் கூடை பூண்டு கால் மணி நேரத்தில் பிரிந்து விழுந்தது. பெண்கள் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தார்கள். நானும் மிதித்தேன். எல்லாரும் போனில் வீடியோ எடுத்தார்கள். அன்று மாலைக்குள் அது எத்தனை வாட்ஸாப் குழுக்களைத் தாண்டியதோ. அவன் அம்மா ஓரமாக நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் ஏழு வருடத்தில் அதைவிட நல்ல பிற்பகல் எனக்கு வாய்த்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து போன் வந்தது. “அக்கா, வடுகபட்டிச் சந்தையில நம்ம மிஷின் விக்குது.” கீழே ஏதோ ஒரு பட்டறையில் மோட்டார் வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்துச் செய்திருக்கிறார்கள். ரப்பர் சுற்றிய உருளை, ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக. அவன் கோபப்படவில்லை. “பூண்டுக்குப் பதிவு வாங்கியிருக்கோம்ல, அதுல மிஷினும் சேராதா?” என்று கேட்டான். சேராது என்றேன். அது இந்த இடத்தில் விளைகிற பொருளுக்கும் அதன் பெயருக்கும்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப மஞ்சளை மீட்ட மாதிரி இதை மீட்க முடியாதா?” என்றான்.

அதற்கு என்னால் போனில் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் நேரில் போய்ச் சொன்னேன். மஞ்சளை மீட்டுக் கொடுத்த அதே விதிதான் உன் மிஷினை உன் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதிது இல்லை. தெரியப்படுத்தியது கண்டுபிடித்தவனேயானாலும் அப்படித்தான். கண்காட்சியில் வைத்தால் 12 மாத அவகாசம் ஒன்று இருக்கிறது, ஆனால் மத்திய அரசு அதற்கென்று அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும். நம் சமுதாயக்கூடம் அதில் வராது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், “நீங்க சொன்னப்ப நானும் கை தட்டினேன்” என்றான். குற்றம் சொல்கிற குரலில் இல்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நிறைய. விவசாய முறைக்குக் காப்புரிமை கிடையாது, சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்று ஒரு மாதம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது முறைக்குத்தான், கருவிக்கு இல்லை. மூன்று வருடம் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா? பிறகு, தெரிந்த பொருள்களை ஒன்றாக அடுக்கி வைப்பதும் கண்டுபிடிப்பு ஆகாது என்று அதே பிரிவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் பெடல், செயின், உருளை, எது புதிது? பல் பிரிக்கும் மிஷின்கள் வெளியே ஏற்கெனவே இருக்கின்றன. ஆனாலும் அந்த வேக வித்தியாசம், அந்தத் திருகல்? தனித்தனியாக வேலை செய்கிற பொருள்களை அடுக்குவதைத்தான் சட்டம் தள்ளுகிறது. அவனுடையதில் ஒன்றுக்காக ஒன்று வேலை செய்தது. கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியது கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம், ஜீப்புக்குப் பின்னால் டீ டம்ளரோடு நின்ற நான் இல்லை.

செலவு ஆகியிருக்குமே என்றும் சொல்லிக்கொண்டேன். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். முழு விவரம் தயாராக இல்லாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து நாளைப் பிடித்துக்கொள்ளலாம், மீதியை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அந்த நாலு பக்கத்தை நானே ஒரு ராத்திரியில் எழுதியிருப்பேன். படிக்காத, பட்டறை இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்குத் துணை நிற்பதற்கென்றே குஜராத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து தேசியப் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. அந்தப் பெயரையாவது அன்று சொல்லியிருக்கலாம். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கத் தனியாக 4,000 ரூபாய், பிறகு ஆண்டுக் கட்டணம், பிறகு பட்டறைக்காரர்மேல் வழக்குப் போட வக்கீல் என்று கணக்கை நீட்டினால் வேறு மாதிரி தெரிகிறது. சில நாள் ராத்திரி நான் அந்த நீண்ட கணக்கைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன்.

ஒரே ஒரு ஆறுதல் சட்டத்திலேயே இருக்கிறது. நாற்பது பேர் முன்னால் ஓடிக் காட்டிய மிஷினுக்கு அந்தப் பட்டறைக்காரரும் இனிமேல் காப்புரிமை வாங்க முடியாது. அவனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப யாருக்கும் இல்லை” என்றான். எல்லாருக்கும் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

போன விதைப் பருவத்தில் பக்கத்து ஊரில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். திண்ணையில் அந்தப் பச்சை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஆறு வீட்டுக்குச் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். “இந்த வருசம் விரல் எரியலம்மா” என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அவன் தன் கையால் செய்து விற்றிருந்தால் வருடத்துக்கு எத்தனை செய்திருப்பான்? இந்த அம்மாவின் திண்ணைக்கு அது எப்போது வந்திருக்கும்? எனக்கு அங்கே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவனுடைய நஷ்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நஷ்டம் அவனுடையது, எனக்கு இதில் ஒரு பைசா போகவில்லை.

இப்போது வகுப்பை நான் இயந்திரக் காப்புரிமையிலிருந்துதான் தொடங்குகிறேன். “யார்கிட்ட என்ன இருந்தாலும் முதல்ல மூடி வைங்க, தனியா வந்து சொல்லுங்க” என்கிறேன். போன தடவை ஒரு பெண் நோட்டை விரித்துக்கொண்டு எழுந்தாள். பூண்டைப் புகையில் தொங்கவிடுகிற பந்தலுக்கு ஏதோ படம் வரைந்திருந்தாள் போல. “உட்காரும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்றேன். உட்கார்ந்தாள். முகம் சுருங்கிவிட்டது. வகுப்பு முடிந்து தேடினால் ஆளைக் காணோம், கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

அவனைப் போன மாதம் பார்த்தேன். புதிதாக ஏதோ செய்துகொண்டிருக்கிறான் என்று ஊரில் பேச்சு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பூட்டு தொங்குகிறது. முன்பெல்லாம் அவனைச் சுற்றி நாலு பையன்கள் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார்கள், இப்போது அவர்கள் வருவதில்லை. அவன் அம்மா டீ கொடுத்தார். பிள்ளைகள், மழை, பூண்டு விலை என்று எல்லாம் பேசினோம். கொட்டகையில் என்ன என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தான். கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். அவன் ஒரு கையால் சட்டைப் பையைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.